காலம் போன கோடை

1

போன ஜூலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வார்டில் ஆறாம் படுக்கையில் இருந்த ரான் என்கிற பெரியவர் மாத்திரை சாப்பிட மாட்டேன் என்று வாயை இறுக மூடிக்கொண்டார். வயது எழுபத்தெட்டு. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்து நாலாம் நாள். வலிக்கிறதா என்று கேட்டேன், இல்லை என்று தலையாட்டினார். டாக்டர் மேல் கோபமா? இல்லை. மகள் பார்க்க வரவில்லையா? அவள் வந்தால்தான் தொல்லை என்றார். கடைசியில் போர்வைக்குள்ளிருந்து போனை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். எங்கள் ஊர்க் கால்பந்து கிளப், காலத்தை விற்றுவிட்டது.

காலம் என்பது ஒரு ஆட்டக்காரனின் பெயர். இங்கிலாந்தில் தெருவுக்கு இரண்டு காலம் உண்டு. நம் ஊரில் குமார் இருக்கிற மாதிரி. எங்கள் காலம் இதே ஊரில் பிறந்து, இதே கிளப்பில் ஏழு வயதிலிருந்து ஆடி வளர்ந்தவன். இருபத்திரண்டு வயதில் அவன் ஒருவன்தான் எங்கள் அணியில் பந்தை எங்கே தட்டுகிறோம் என்று தெரிந்து தட்டுகிறவன். அவனைப் பெரிய கிளப் ஒன்று வாங்கிக்கொண்டது. என்ன விலை என்று சொல்ல மாட்டார்களாம்.

நான் உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற வழியில் ஒரு கிராமத்துக் காலனியில் பிறந்தவள். பதினாலு வருடமாக இங்கிலாந்தின் வடக்கில், மழைக்குப் பேர்போன ஒரு சின்ன ஊரில் நர்ஸாக இருக்கிறேன். வந்த புதிதில் ஒன்று கவனித்தேன். திங்கட்கிழமை காலையில் நோயாளிகளின் ரத்த அழுத்தம் சனிக்கிழமை ஆட்டத்தைப் பொறுத்து ஏறும், இறங்கும். நோயாளியைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றால் அவனுடைய கிளப்பைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று முடிவு செய்து மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். அது தொழில் அக்கறை என்று இன்றும் என் கணவரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் நம்புவதில்லை.

ரானிடம் நான் வாதாடவில்லை. மாத்திரை சாப்பிடாவிட்டால் எழுந்து நடக்க முடியாது, நடக்க முடியாவிட்டால் மைதானத்துக்கு வந்து காலத்தை விற்ற கிளப் டைரக்டரைத் திட்ட முடியாது என்றேன். இரண்டு மாத்திரையையும் ஒரே வாயில் விழுங்கினார்.

என் மனசும் ஆறவில்லை. மதிய இடைவேளையில் வாட்ஸப் ஸ்டேட்டஸில் தமிழில் போட்டேன்: ‘எங்க காலம் போயிட்டான். மனசே ஆறல.’ போட்டுவிட்டு போனை லாக்கரில் வைத்துவிட்டு வார்டுக்குப் போய்விட்டேன். டூட்டி முடிந்து வந்து பார்த்தால் ஊரிலிருந்து வரிசையாக மிஸ்டு கால். பதறிப்போய் தம்பி சேகரைக் கூப்பிட்டேன். பின்னால் ஏழெட்டுப் பேர் பேசுகிற சத்தம் கேட்டது. எங்கள் சித்தி அழுதுகொண்டிருந்தாள்.

“அக்கா, யாரு காலமானது? மாமா நல்லாத்தான கீறாரு?” என்றான்.

யாரும் காலமாகவில்லை, காலம் என்பது ஒரு ஆள், அவன் வேறு கிளப்புக்குப் போய்விட்டான் என்று விளக்குவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. சித்தியிடம் சேகர் அதை எடுத்துச் சொன்னதும், அவள் அழுகையை நிறுத்தி என்னைத் திட்ட ஆரம்பித்தாள். சேகர் ஒரகடம் பக்கம் கார் உதிரிபாகக் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். தினமும் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவன். அவனுக்கு இந்த விஷயம் சுத்தமாகப் பிடிபடவில்லை.

“ஒர்த்தன் வேற கம்பெனிக்குப் போனதுக்கு இன்னாத்துக்குக்கா இவ்ளோ பேஜாரு? எங்க லைன்ல மாசத்துக்கு நாலு பேரு போறான். டீ வாங்கிக் குடுத்து அனுப்பிக்கினுதான கீறோம்.”

கம்பெனி வேறு, கிளப் வேறு என்றேன். என்ன வித்தியாசம் என்று கேட்டான். சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

2

அங்கே இருந்து இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். கோடையில் இங்கே ஆட்டம் கிடையாது. அதற்குப் பதிலாக ஆள் மாற்றுகிற வேலை நடக்கும். அதற்கென்று ஒரு கெடு உண்டு, அதை ஜன்னல் என்கிறார்கள். ஜன்னல் திறந்திருக்கும்போது வாங்கலாம், விற்கலாம், இரவல் கொடுக்கலாம். மூடிவிட்டால் ஜனவரி வரைக்கும் இருக்கிற ஆளை வைத்துக்கொண்டு அழ வேண்டியதுதான். நம் பக்கம் வாத்தியார்களுக்கு டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் நடக்குமே, ஏறக்குறைய அதுதான். அங்கே மாற்றலாகிப் போகிறவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார், இங்கே போகிறவன் சிரித்துக்கொண்டே போகிறான், மிச்சம் இருக்கிற ஊர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறது.

எங்கள் கிளப்புக்கு இந்த விஷயத்தில் கைராசி கிடையாது. காலத்தை விற்ற பிறகு மூன்று வாரம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு கோல்கீப்பரை வரவழைத்து, கழுத்தில் கிளப் துண்டைப் போட்டுப் படம் எடுத்தார்கள். மறுநாள் உடல் பரிசோதனையில் அவன் தேறவில்லை. துண்டோடு போய்விட்டான். அடுத்து முப்பத்தாறு வயதில் ஒரு தடுப்பாட்டக்காரர் வந்தார். அந்தப் படத்தை ஒரு தடவை பார்த்ததுமே இடது முட்டி போய்விட்டது என்று சொன்னேன். நிற்கிற நிற்பிலேயே தெரியும், இருபது வருடம் எலும்பு வார்டில் இருந்தவளுக்கு இதற்கு ஸ்கேன் தேவையில்லை. கடைசியாகப் பெரிய கிளப்புகளிடமிருந்து இரண்டு பொடியன்களை இரவல் வாங்கினார்கள். இரவல் ஆளை நம்பி எந்த ரசிகனும் அவன் பெயரைச் சட்டையில் அச்சடிப்பதில்லை.

எங்கள் வீட்டில் இதற்கெல்லாம் என்னை விடக் கோபப்பட்டவள் என் மகள் ஜெனி. பதினாறு வயது. எட்டு வயதிலிருந்து என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறாள். அதே கிளப்பின் பெண்கள் அணியில் தடுப்பாட்டம் ஆடுகிறாள், நன்றாகவே ஆடுகிறாள்.

எங்களுக்கு அந்த இரண்டு இருக்கைகள் ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். எல்லா வீட்டிலும் இதே கதைதான், நான் தனியாக ஒப்பாரி வைக்கப் போவதில்லை. ஆனால் மைதானத்தில் சின்னப் பிள்ளைகள் கெட்ட வார்த்தை சொன்னால் காவலுக்கு நிற்கிறவர் வந்து வெளியே அனுப்பிவிடுவார். ஜெனிக்கோ திட்டியே ஆக வேண்டும். எட்டு வயதில் நான் அவளுக்கு வழி காட்டினேன். தமிழில் திட்டு, ஒருத்தனுக்கும் புரியாது என்றேன். அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் இரண்டு மணி நேரம் என் மகள் சுத்தமான உத்திரமேரூர்த் தமிழ் பேசுகிறாள். ‘எங்க பாத்துக்கினு கீற’ என்பாள். ‘வுடாத, வுடாத’ என்று கத்துவாள். நடுவர் மஞ்சள் அட்டை காட்டினால் அவருடைய பார்வையைப் பற்றி அவள் சொல்வதை இங்கே எழுத முடியாது.

பக்கத்து நகரத்துத் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில், புடவை கட்டிய ஒரு பெரிய அம்மாளைப் பார்த்து அவள் அன்பாக, “இன்னாமா, துன்னியா?” என்று கேட்டுவிட்டாள். கூடமே திரும்பிப் பார்த்தது. தஞ்சாவூர்க்காரரான என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குனியவில்லை. பிள்ளைக்குத் தமிழ் வருகிறது, அது எந்தத் தமிழாக இருந்தால் என்ன.

இந்தக் கோடையில் எங்கள் வீட்டிலும் ஒரு ஜன்னல் திறந்தது. தெற்கே கடலோர நகரம் ஒன்றில் ஒரு கல்லூரி, படிப்போடு சேர்த்து பெண்களுக்குக் கால்பந்துப் பயிற்சியும் கொடுக்கிறது. ஜெனி அவர்களுடைய தேர்வுக்குப் போனாள், அவளை எடுத்துக்கொண்டார்கள். ரயிலில் ஐந்து மணி நேரம். அங்கேயே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்க வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டு ஒரு படிவம் அனுப்ப வேண்டும், ஆகஸ்ட் கடைசி வெள்ளிக்கிழமைக்குள். அனுப்பாவிட்டால் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிற அடுத்த பெண்ணுக்கு இடம் போய்விடும்.

பதினாலு பக்கம் படிவம். நான் சும்மா இருக்கவில்லை. ஏழாம் பக்கத்தில் குடும்ப டாக்டரின் கடிதம் கேட்டிருக்கிறார்கள், அது வரட்டும் என்றேன். வந்தது. பாஸ்போர்ட் நகல் தெளிவாக இல்லை, மறுபடி எடுக்க வேண்டும் என்றேன். எடுத்தாள். தங்கப் போகிற குடும்பத்தைப் பற்றி இன்னும் விசாரிக்க வேண்டும் என்றேன். அப்பா கையெழுத்துப் போட்டால் போதாதா என்று கேட்டாள். அப்பாவோ, அம்மா போடட்டும் என்று நழுவிவிட்டார். படிவம் சமையலறை இழுப்பறையில் மின்சார பில்லுக்கு அடியில் கிடந்தது. கேட்ட யாரிடமும் அவள் போகக்கூடாது என்று நான் சொன்னதே இல்லை. காகிதம் சரியாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

3

ஜெனிக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. சின்ன வயதில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாள், ஏனென்றால் அதில் ஒரு வில்லி வருகிறாள்.

நான் பள்ளிக்கூடத்தில் கபடி ஆடினேன். கேட்சர். பாடி வருகிறவளின் கணுக்காலை ஒரு தடவை பிடித்தேன் என்றால் அவள் கோட்டைத் தொட மாட்டாள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் என் கைக்குத் தனிப் பேர் இருந்தது, இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பத்தாவது முடித்த கோடையில் வெளியூர் விளையாட்டு விடுதிப் பள்ளி ஒன்றுக்கு என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சாப்பாடு, தங்குமிடம், பயிற்சி எல்லாம் அங்கேயே. ஜூன் மாதம் ஒரு தேதிக்குள் டி.சி.யோடு வந்து சேர வேண்டும் என்று கடிதம் வந்தது.

எங்கள் தலைமை ஆசிரியையை எல்லோரும் பெரிய டீச்சர் என்போம். அவருக்கு என்னை விட மனமில்லை. பதினொன்றாவது இங்கேயே படி, இந்த வருஷம் மாவட்டக் கோப்பை நமக்குத்தான் என்றார். அம்மா கேட்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவள், ஆனால் டி.சி. என்கிற இரண்டு எழுத்தும் அவளுக்குத் தெரியும். அது இல்லாமல் ஒரு பிள்ளை ஒரு பள்ளிக்கூடத்தை விட்டு இன்னொரு பள்ளிக்கூடத்துக்குப் போக முடியாது.

சொர்ணவாரிப் பட்டத்துக்குக் களை எடுக்கிற சமயம் அது. அம்மா கழனி வேலையை விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறி வந்து பெரிய டீச்சர் அறை வாசலில் நின்றாள். முதல் நாள் கிளார்க் லீவு என்றார்கள். இரண்டாம் நாள் டி.சி. புத்தகம் தீர்ந்துவிட்டது, காஞ்சிபுரத்திலிருந்து வர வேண்டும் என்றார்கள். அப்புறம் நூலகத்துப் புத்தகம் ஒன்றை நான் திருப்பித் தரவில்லை என்றார்கள், நான் நூலகத்துக்குள் போனதே கிடையாது. ஒரு நாள் புத்தகமும் கிளார்க்கும் இருந்தார்கள், சீல் இல்லை. பெரிய டீச்சர் ஒரு தடவையும் மாட்டேன் என்று சொன்னதில்லை. கடைசியில் ஒரு நாள் அறையிலிருந்து வெளியே வந்து, அம்மாவிடம் தன்மையாகவே பேசினார்.

“உன் பொண்ணு நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். சின்னப் பொண்ணு. அவ்வளவு தூரம் எதுக்கு?”

அம்மா வேலை செய்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். வரும்போது பஸ்ஸில், “அவுங்க குட்க்க மாட்டாங்கடி. நாள ஓட்டிக்கினு கீறாங்க” என்றாள். அவள் சொன்னதுதான் நடந்தது. விடுதியில் சேர்க்கை முடிந்த மறு வாரம் சீல் கிடைத்தது, அப்போது எனக்கு டி.சி. தேவைப்படவில்லை. அந்த வருஷம் மாவட்டக் கோப்பையில் இரண்டாம் சுற்றிலேயே தோற்றோம். பன்னிரண்டாவது முடித்து, அதே பெரிய டீச்சரிடம் டி.சி. வாங்கி நர்ஸிங் சேர்ந்தேன், நல்ல நர்ஸ் ஆனேன். வாழ்க்கை வீணாகவில்லை. இருந்தாலும் அந்த ஜூன் மாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் எரிகிறது. அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

4

ஆகஸ்ட் நடுவில் கிளப் ஒரு கூட்டம் போட்டது. ரசிகர்களின் கேள்விகளுக்கு டைரக்டர் நேரில் பதில் சொல்வாராம். மைதானத்தின் கீழே, தேநீரும் தின்பண்டமும் விற்கிற நீளமான அறையில் சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் நின்றார்கள். ரான் அதற்குள் வீடு திரும்பி வாக்கரோடு வந்திருந்தார். ஜெனி எனக்கும் ரானுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் இரண்டு நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை. படிவத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

டைரக்டர் நல்ல சூட் போட்டிருந்தார். திரையில் அம்புக்குறிகள் எல்லாம் மேலே பார்த்துப் போயின. திட்டம் என்றார், பயணம் என்றார், சரியான ஆளுக்காகப் பொறுமையாகக் காத்திருக்கிறோம் என்றார். ஜன்னல் மூட இரண்டு வாரம் இருக்கும்போது யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். காலத்தை ஏன் ஜூலை முதல் வாரத்திலேயே விற்றீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். அவன் போக ஆசைப்பட்டான், வழியை மறிக்க எங்களுக்கு விருப்பமில்லை என்றார் டைரக்டர். கூட்டம் ஊளையிட்டது.

எனக்கு அதற்கு மேல் உட்கார முடியவில்லை. கையைத் தூக்கினேன், மைக் வந்தது. ஆங்கிலத்தில் பேச எனக்குப் பயமில்லை, ஆனால் கோபம் வந்தால் என் ஆங்கிலம் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விடும். காலத்துக்கு இவ்வளவு அவசரமாக டி.சி. கொடுத்தது ஏன் என்று கேட்டேன்.

அறையில் ஒருத்தருக்கும் புரியவில்லை. டைரக்டர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். டி.சி. என்றால் என்ன என்று மரியாதையாகக் கேட்டார். உலகம் முழுக்க டி.சி. என்றுதான் சொல்வார்கள் என்று நாற்பத்துநாலு வயது வரைக்கும் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றுதான் தெரிந்தது, இந்த நாட்டில் அப்படி ஒரு காகிதமே கிடையாது. பின்வாங்குகிற ஆள் நான் இல்லை. எங்கள் ஊரில் ஒரு பிள்ளை பள்ளியை விட்டுப் போக வேண்டும் என்றால் தலைமை ஆசிரியை கையெழுத்துப் போட்ட டி.சி. வேண்டும், கபடி ஆடுகிற பிள்ளையாக இருந்தால் அது சுலபத்தில் கிடைக்காது என்று விளக்கினேன். கிளார்க் லீவில் இருப்பார், புத்தகம் தீர்ந்துவிடும், சீல் காணாமல் போகும் என்றேன். கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. எனக்கும் சூடு ஏறியது.

என் தலைமை ஆசிரியை கிராமத்துப் பள்ளியில் இருந்தவர், அம்புக்குறி போட்ட திரை அவரிடம் இல்லை, ஆனால் ஒரு ஆட்டக்காரியின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது, கடைசி நாள் வரைக்கும் என்னை விடவில்லை, அவரைக் கூட்டி வந்து உங்கள் நாற்காலியில் உட்கார வைத்திருந்தால் காலம் இன்றைக்கும் நம் சட்டையைப் போட்டுக்கொண்டிருப்பான் என்று சொல்லி முடித்தேன்.

அறை அதிர்ந்தது. ரான் வாக்கரைத் தரையில் தட்டினார். பின்வரிசையில் யாரோ அந்த டைரக்டருக்கே டி.சி. கொடுங்கள் என்று பாட ஆரம்பிக்க, நூறு பேர் சேர்ந்துகொண்டார்கள். அர்த்தம் முழுசாகப் புரியாமலே இங்கிலாந்துக்காரர்கள் டி.சி., டி.சி. என்று மேசையில் தாளம் போட்டார்கள். டைரக்டர் தண்ணீர் குடித்தார். பதினாலு வருடத்தில் இந்த ஊர் என்னை இப்படிக் கொண்டாடியதில்லை. சந்தோஷமாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். சிரித்துக்கொண்டே உட்கார்ந்து ஜெனி பக்கம் திரும்பினேன்.

அவள் சிரிக்கவில்லை. பாட்டுச் சத்தத்துக்கு நடுவில் என் காதருகே குனிந்து, ஆட்டத்தின்போது மட்டும் பேசுகிற அதே தமிழில் கேட்டாள்.

“அம்மா, என் டி.சி.ய எப்ப குடுப்ப?”

 டாக்டர் லெட்டர், பாஸ்போர்ட் என்று ஏதோ ஆரம்பித்தேன்.

“சீலு காணாப் பூட்ச்சா?” என்றாள்.

5

மைதானத்திலிருந்து எங்கள் வீடு இருபது நிமிட நடை. ரானை அவர் மகளின் காரில் ஏற்றிவிட்டு நாங்கள் நடந்தோம். வழியெல்லாம் தெரிந்தவர்கள் என்னைப் பார்த்து டி.சி. என்று கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். நான் கையை அசைத்துக்கொண்டு வந்தேன். ஜெனி முன்னால் நடந்தாள்.

பாலத்துக்கிட்டே அவளை நிறுத்தினேன். என்னை அந்தப் பெரிய டீச்சரோடு சேர்க்காதே, அவர் கோப்பைக்காகச் செய்தார், நான் அதற்காகவா செய்கிறேன் என்று கேட்டேன். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். நிதானமாகத்தான் பதில் சொன்னாள்.

“அவுங்களும் உன் நல்லதுக்குன்னுதானமா சொன்னாங்க.”

கதையில் அந்த இடத்தை நானே பல தடவை அவளுக்கு நடித்துக் காட்டியிருக்கிறேன், பெரிய டீச்சரின் குரலை மாற்றிப் பேசிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.  எனக்கு எதற்காக அவள் வேண்டும் என்று யோசித்தேன். அங்கே போனால் சாப்பிடுவாளா, குளிரில் ஜாக்கெட் போடுவாளா என்பதெல்லாம் நான் வெளியே சொல்லிக்கொண்ட காரணம். உண்மையான காரணம் பக்கத்து இருக்கை. அவள் போய்விட்டால் சனிக்கிழமை நான் யாரிடம் தமிழில் திட்டுவேன்? இந்த ஊரில் என்னிடம் ‘இன்னாமா’ என்று கேட்க இன்னொரு ஆள் கிடையாது. அதை நான் இழக்கத் தயாராக இல்லை. அதற்காகத்தான் மின்சார பில்லுக்கு அடியில் ஒரு படிவத்தை ஐந்து வாரம் வைத்திருந்தேன். இதைப் பாலத்தின் மேல் நின்றுகொண்டே அவளிடம் சொன்னேன். தமிழில்தான் சொன்னேன், நாங்கள் மைதானத்துக்கு வெளியே தமிழில் பேசுகிறோம் என்பதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை.

“போன்ல திட்லாம்மா. மேட்ச் போட்டுக்கினு ரெண்டு பேரும் ஒண்ணா திட்லாம்” என்றாள்.

அது சரிப்படுமா என்று தெரியவில்லை. இருந்தாலும் தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்ததும் இழுப்பறையைத் திறந்து படிவத்தை எடுத்தேன். பதினாலு பக்கத்திலும் எங்கெங்கே கேட்டிருந்தார்களோ அங்கெல்லாம் கையெழுத்துப் போட்டேன். எல்லாக் காகிதமும் பல நாளைக்கு முன்பே சரியாகத்தான் இருந்தது. முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கடைசிப் பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டம் இருந்தது. மாணவியைப் பற்றிப் பெற்றோர் வேறு ஏதாவது தெரிவிக்க விரும்பினால் எழுதலாம் என்று போட்டிருந்தது. நான் அதில் தமிழில் ஒரு வரி எழுதி ஜெனியிடம் கொடுத்தேன்.

அவளுக்குத் தமிழ் படிக்க எழுத்துக் கூட்ட வேண்டும். சமையலறை விளக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு விரல் வைத்துப் படித்தாள். “ஒ... ஒளுக்கமும்... பண்பும்...” ழகரம் அவளுக்கு வராது, எனக்கும் வராது. “மிக... நன்று.”

இது என்ன என்று கேட்டாள். நம் ஊரில் எந்தப் பிள்ளையின் டி.சி.யிலும் இந்த வரி இருக்கும், இது இல்லாமல் அடுத்த இடத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன். நன்று என்றால் குட், சரி, மிக என்றால் என்ன என்று கேட்டாள். வெரி என்றேன்.

“எல்லாருக்கும் வெரி போடுவாங்களா?”

இல்லை என்று சொன்னேன். பெரிய டீச்சர் எனக்கு எழுதிக் கொடுத்ததில் வெறும் நன்றுதான்.